புழங்கின சாமான்

சுஜியின் காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த கருவி மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது. ஊரப்பாக்கம் சர்ச்சில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பாட்டு பாதியில் இருந்தபோது அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, பக்கத்தில் நின்ற அக்கா ரத்தினபாயின் கையைப் பிடித்து, "எல்லாரும் நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அது சத்தமாக வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பாட்டை நிறுத்தியிருக்கவில்லை.

சுஜிக்குப் பத்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது போயிற்று. மறுவருஷம் ஆபரேஷன் செய்து, மண்டைக்குள் ஒரு பாகம் வைத்தார்கள். அது ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். வெளியே காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு கருவி. அதிலிருந்து ஒரு ஒயர் போய், காந்தத்தில் தலையோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே இருப்பதுதான் சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். அது செத்தால் உள்ளே இருப்பதும் வெறும் கம்பிதான்.

அந்த ஆபரேஷன் கடனை அடைக்கத்தான், சுஜி ஸ்கூல் முடித்ததும் ரத்தினபாய் குவைத்துக்குப் போனாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தங்கைக்கும் அவளுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அம்மா போனபிறகு சுஜிக்குத் தலை பின்னியது, ஃபீஸ் கட்டியது, ஸ்கூலில் "இது கேக்காத பிள்ளை, முன் பெஞ்சுல உக்கார வைங்க" என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் போய்ச் சண்டை போட்டது எல்லாம் அவள்தான். குவைத்தில் ஒரு அரபி வீட்டில் ஆறு வருஷம் சமையலும் துணி தேய்ப்புமாக இருந்துவிட்டுத் திரும்பினாள். இப்போது தாம்பரத்தில் மெப்ஸ் என்கிற ஏற்றுமதி வளாகத்தில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, பிசிர் நூல், கோணல் பொத்தான், கறை என்று பார்த்துத் தள்ள வேண்டிய வேலை. அவள் கை பட்டுப் போன சட்டை திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார்.

ரயிலில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இரண்டு ஸ்டேஷனுக்குள் அவள் சொல்லிவிடுவாள்: "எங்க சுஜி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. காட்டாங்குளத்தூர் பக்கம் காலேஜ்ல லேப்ல இருக்கா. இன்னும் பர்மனென்ட் ஆகலை, ஆயிடும்." காது கேளாத விஷயத்தை மட்டும் கடைசியில்தான் சொல்வாள். முதலில் சொன்னால் கேட்பவர்களின் முகம் மாறிவிடும். கடைசியில் சொன்னால் அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

கருவி நின்ற மறுநாள் தாம்பரத்தில் ஆஷாவிடம் போனார்கள். ஆஷா காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட். அவள் கருவியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இந்த மாடலையே கம்பெனி நிறுத்திட்டாங்க. ரிப்பேருக்கும் எடுக்க மாட்டாங்க. புது மாடலுக்குத்தான் மாறணும்." அவள் சொன்ன விலையில் ஒரு சின்னக் காரே வாங்கலாம்.

காலேஜில் துறைத் தலைவர் ஸ்ரீரங்கன் நல்ல மனுஷர்தான். சுஜி தன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்பதால் எப்போதும் நேரே பார்த்து நிதானமாகப் பேசுவார். "உன் பின்னால ஒரு ஃபிளாஸ்க் வெடிச்சா உனக்குத் தெரியணும்மா. ஒரு பையன் கத்தினா திரும்பணும். ஜூலையில லேப் ஆரம்பிக்குது. உன் பர்மனென்ட் பேப்பரும் அப்பத்தான் போகுது. அதுக்குள்ள கருவி வந்துட்டா நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

அந்த வாரமே சுஜி இன்டர்நெட்டில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அமெரிக்காவில் மூடிவிட்ட ஒரு காது கிளினிக், மிச்சமிருந்த சரக்கை விற்றுக்கொண்டிருந்தது. அதே மாடல், பெட்டி பிரிக்காதது. புது மாடலின் விலையில் கால்வாசிதான். படத்தை ஆஷாவுக்கு அனுப்பியதும், "பொருந்தும். வந்ததும் எடுத்துட்டு வா, செட் பண்ணித் தர்றேன்" என்று பதில் வந்தது. கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தாள்: காது கேளாதவர்களின் கருவிக்கு இறக்குமதி வரியில் சலுகை உண்டு, டாக்டர் சான்றிதழ் வைத்துக் கேட்க வேண்டும், நான் பேப்பர் தயார் பண்ணித் தருகிறேன், ஒரு வாரம் பிடிக்கும்.

சுஜி ஃபோனை அக்காவிடம் நீட்டினாள். கிளினிக்கின் இணையப் பக்கத்தில் கருவியின் விலைக்குக் கீழே இந்தியாவுக்கு அனுப்பும் கூலி போட்டிருந்தது. அதற்கும் கீழே உத்தேச இறக்குமதி வரி. வரி, கருவியின் விலையில் பாதியைத் தொட்டிருந்தது.

"இது இன்னாடி, கூலியையும் சேத்து வரி போட்டிருக்கான்?" என்றாள் ரத்தினபாய். சுஜி உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"சாமான் இங்க வந்து இறங்கற வரைக்கும் ஆகற மொத்தத்துக்கும் போடுவாங்கக்கா. கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேத்து."

"பிளேன்ல வர்ற வழியில தும்மினா அதுக்கும் போடுவானா?"

"ஆஷா மேடம் சொல்ற பேப்பரைப் போட்டுப் பாக்கலாம். இல்லன்னா கட்டிடலாம். இங்கயே கட்டிட்டா அவங்களே கஸ்டம்ஸ்ல முடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துடுவாங்க."

"எதை வெச்சுக் கட்டறது? கையில இருக்கறது கருவிக்கும் கூலிக்கும் சரியாப் போவுது. பேப்பர் குடுத்து கவர்மென்ட்டு வரியைக் குறைச்சதை நீ பாத்திருக்கியா? ஒரு வாரம்னு சொல்வா, ஒரு மாசம் இழுக்கும். நான் பாத்துக்கறேன், விடு."

"நான் பாத்துக்கறேன்" என்று அக்கா சொன்னபிறகு அந்த வீட்டில் பேச்சு கிடையாது. சுஜி விட்டுவிட்டாள்.

ரத்தினபாய் அப்படிச் சொன்னது சும்மா இல்லை. குவைத்திலிருந்து லீவில் வரும்போது பெட்டி கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வேலைக்கு இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் அதில் ஒரு முறை இருந்தது. புதுசு என்றால் வரி, புழங்கினது என்றால் வீட்டுச் சாமான். அதனால் புதுத்துணியை எல்லாம் ஒருமுறை தண்ணீரில் அலசி, உலர்த்தி, தேய்க்காமல் மடிப்பார்கள். விலைச்சீட்டை நூல்கூட மிச்சமில்லாமல் வெட்டுவார்கள். சென்ட் பாட்டிலைத் திறந்து இரண்டு தடவை அடித்து அளவைக் குறைப்பார்கள். மிக்ஸியின் அட்டைப்பெட்டி குவைத்தின் குப்பையில் கிடக்கும், மிக்ஸியின் ஜாரில் கொஞ்சம் மிளகாய்த்தூள் அரைத்த கறை இருக்கும். அந்த மிளகாய்த்தூள் யோசனை ரத்தினபாயுடையது. அதைக் கேட்டு மற்ற பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் அதையே செய்தார்கள். ஊருக்குத் தபாலில் அனுப்பும்போது "கிஃப்ட்" என்று எழுதி, விலையைக் குறைத்துப் போடுவார்கள். ஆறு வருஷத்தில் அவள் ஒரு ரூபாய் வரி கட்டியதில்லை. அரபி வீட்டில் பாத்திரம் கழுவியதைப் பற்றி அவள் யாரிடமும் பெருமை பேசியதில்லை. இதைப் பற்றிப் பேசுவாள்.

ஆக, கருவியை இந்தியாவுக்கு நேராக அனுப்ப வைக்கவில்லை. சுஜி ஆர்டர் போட்டபோது, ஷார்ஜாவில் ஏ.சி. கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தி மகன் ஆல்வினின் முகவரியைப் போடச் சொன்னாள். அங்கிருந்து அவன் கூரியரில் ஊரப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும். யாராவது ஊருக்கு வருபவர் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆல்வினுக்கு டிசம்பரில்தான் லீவு. அதற்குள் தெரிந்தவர் யாரும் வருவதாக இல்லை.

பெட்டி ஷார்ஜா போய்ச் சேர்ந்த அன்று ஆல்வின் வீடியோவில் கூப்பிட்டான். ரத்தினபாய் ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். சுஜி அதே அறையில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலேஜ் லேப் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரத்னாக்கா, பாருங்க, எவ்ளோ அழகா பேக் பண்ணியிருக்கான். சீல்லாம் போட்டு. இதையா கிழிக்கச் சொல்றீங்க?"

"அழகு பாக்கவாடா வாங்கினேன்? கிழி."

"உள்ள இன்னொரு பெட்டிக்கா. நகைப்பெட்டி மாதிரி இருக்கு."

"அதையும் தூக்கிப் போடு. உன்கிட்ட பழைய ஷேவிங் பவுச் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு. ஆனா நாறும்."

"நாறட்டும். அப்பத்தான் கையை விட்டுத் துழாவ மாட்டான். அதுல போடு. கருவி பின்னால என்ன ஒட்டியிருக்கு, கிட்ட காட்டு."

"சின்ன ஸ்டிக்கர்க்கா. ஏதோ நம்பர்."

"அதான் முதல்ல போகணும். அதை நெட்ல போட்டா புதுசு என்ன விலைன்னு காட்டிடும். நகத்தால சுரண்டாதே, கீறல் விழும். நெயில் பாலிஷ் அழிக்கற தண்ணி வாங்கி, பஞ்சுல தொட்டு வெச்சு, ஊறினதும் உரி."

"நான் எங்கக்கா போவேன் நெயில் பாலிஷ் கடைக்கு? ரூம்ல பசங்க என்னை ஓட்டியே கொன்னுடுவானுங்க."

"செத்தா பூ வாங்கி அனுப்பறேன். இப்ப போ."

"அக்கா, நீங்க மட்டும் கஸ்டம்ஸ்ல சேந்திருந்தீங்கன்னா ஒரு பய தப்பிச்சிருக்க முடியாது."

ரத்தினபாய்க்கு அது பிடித்திருந்தது. கூரியர் சீட்டில் எழுத வேண்டியதை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். காது மெஷின். யூஸ்டு. கிஃப்ட். இருபது டாலர். பெறுபவர் பெயர் சுஜி. "யூஸ்டு"வை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொன்னாள்.

அப்போது சுஜி திரும்பிப் பார்த்தாள். "ஆல்வினா? என்ன சொல்றான்?"

ரத்தினபாய் உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னாள். "நல்லா பேக் பண்ணி அனுப்பறேங்கறான்."

சுஜி ஃபோனைப் பார்த்துக் கையாட்டினாள். ஆல்வினும் ஆட்டினான்.

பிறகு அவன் அனுப்பிய படங்களை ரத்தினபாய் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், சட்டையைப் பார்ப்பது போலவே. கருவியின் ஓரத்தில் பளபளப்பாக ஒரு துணுக்குப் பசை ஒட்டியிருந்தது. அதையும் துடைக்க வைத்தாள். கடைசிப் படத்தில், நைந்த பவுச்சுக்குள் அந்தக் கருவி நாலைந்து வருஷம் யாரோ போட்டுக் கழற்றியது போல இருந்தது. அவளுக்கு நிறைவாக இருந்தது.

பார்சல் சென்னைக்கு வந்து சேர்ந்ததாக ஃபோனில் தகவல் வந்தது. அப்புறம் நகரவில்லை. "சுங்கச் சோதனைக்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரே வரி ஒவ்வொரு நாளும் இருந்தது. ஆதார் நகல் கேட்டார்கள், அனுப்பினாள். பில் கேட்டார்கள். கிஃப்ட்டுக்கு ஏது பில் என்று பதில் போட்டாள். ஜூன் பாதி போயிற்று. சுஜி காலேஜுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தாள். பையன்கள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு அவள் திரும்பாததைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

கடைசியில் ரத்தினபாய் லீவு போட்டுவிட்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கூரியர் கம்பெனியின் அலுவலகத்துக்கே போனாள். சுங்க வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் வீராசாமி என்ற நரைத்த மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீட்டைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? யூஸ்டுன்னு கொட்ட எழுத்துல எழுதி அனுப்பிகிறாங்க?"

"ஆமா சார், பழசுதான். சொந்தக்காரப் பையன் கிஃப்ட்டா அனுப்பினான்."

"கிஃப்ட்டுன்னா வரி இல்லன்னு எவன் சொன்னான் உனுக்கு?"

"நான் குவைத்துல இருந்தப்போ..."

"நீ இருந்தப்போ இருந்திருக்கும். அதெல்லாம் எடுத்து எத்தினி வருசம் ஆவுது. இப்போ ராக்கிக் கயிறும் உசுரு காக்குற மருந்தும்தான் கிஃப்ட்டுல சும்மா வுடுவான். சரி, வரிதான, கட்டிக்கினு போயிடலாம். இங்க பேஜாரே வேறம்மா." சீட்டில் விரலை வைத்தார். "யூஸ்டுன்னு கீது பாரு. ஆஸ்பத்திரிச் சாமான்ல புழங்கினத உள்ள வுட மாட்டாங்க. வெளிநாட்டுக்காரன் தூக்கிப் போடறதெல்லாம் இங்க வந்து குவியுதுன்னு ரூலு. காது மெஷினும் அதுல சேத்தி."

ரத்தினபாய் சீட்டை எட்டிப் பார்த்தாள். "புதுசுன்னு சொன்னா?"

வீராசாமி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். "புதுசா?"

அவள் தலையாட்டினாள்.

"நல்லா வந்தீங்க போ. ஆபீசரு கூப்புடறாங்க. யார் பேர்ல வந்துகீதோ அந்தப் பொண்ணையும் இட்டுகினு வா. உண்மைய சொல்லிப் பாரு."

மறுநாள் சுஜியும் வந்தாள். சின்னச் சிக்கல், கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவளிடம் சொல்லியிருந்தாள் ரத்தினபாய். சுங்க அதிகாரி ஓர் இளம்பெண். சுஜிக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு, முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்தாள்.

"இந்தக் கருவியை முன்னால யார் உபயோகிச்சாங்க?"

"யாரும் இல்ல மேடம்" என்றாள் சுஜி. அறை முழுக்கக் கேட்டது. "புதுசு. சீல் பிரிக்காதது. அமெரிக்காவுல நான்தான் ஆர்டர் போட்டேன்."

அதிகாரி மேஜைமேல் இருந்த பவுச்சை அவள் பக்கம் நகர்த்தினாள். ஓரம் நைந்த, சோப்பு வெளுத்த ஷேவிங் பவுச். அதற்குள் டிஷ்யூ காகிதத்தில் சுற்றிக் கருவி இருந்தது. பக்கத்தில் கூரியர் சீட்டு. சுஜி சீட்டைப் படித்தாள். கருவியைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"புதுசுதான் மேடம்" என்றாள் ரத்தினபாய். "வரி ஜாஸ்தி வருமேன்னு அப்படி எழுதச் சொன்னோம்."

"சொன்னோம்னா யாரு?"

"நான்தான். இவளுக்குத் தெரியாது."

"பில் இருக்கா?"

இருந்தது. சுஜி தன் ஃபோனில் எடுத்துக் காட்டினாள். அதிகாரி அதை நிதானமாகப் படித்தாள். "பில்லுல சீரியல் நம்பர் இருக்கு. கருவியில எங்க?"

ரத்தினபாய் கருவியைப் பார்த்தாள். ஸ்டிக்கர் இருந்த இடம் சுத்தமாக, ஒரு தடயம் இல்லாமல் இருந்தது. அதைச் சுத்தமாக்கச் சொன்னது அவள்தான்.

"அப்ப பில்லுல இருக்கறது இதுதான்னு நான் எதை வெச்சு எழுதறது? பெட்டி இருக்கா, சீல் இருக்கா, கம்பெனிக் கார்டு இருக்கா?"

"குப்பையில போட்டாச்சு மேடம். எங்க ஊர்க்காரங்க எல்லாரும் அப்படித்தான்..."

"ஒண்ணையும் மறைக்காம பில்லோட நேரா வந்திருந்தா, இவங்களோட மெடிக்கல் சர்டிஃபிகேட்டைக் காட்டி நீங்க சலுகை கேட்டிருக்கலாம். காது கேக்காதவங்களுக்கான கருவிம்மா இது." அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ரத்தினபாய்க்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் இதை உள்ள விட முடியாது. திருப்பி அனுப்பறதுக்கு எழுதிக் குடுங்க, செலவு உங்களோடது. இல்ல, வேண்டாம்னு எழுதிக் குடுங்க."

சுஜி உதடுகளை ஒன்றுவிடாமல் படித்திருந்தாள். அக்கா பக்கம் திரும்பி, அந்தப் பெரிய தட்டையான குரலில் சொன்னாள்: "நீ ஆல்வின்கிட்ட பேசினப்போ நான் அங்கயேதான் இருந்தேன். என்ன சொல்றான்னு உன்னைக் கேட்டேன்."

மற்ற மேஜைகளில் தட்டச்சு நின்றது. ரத்தினபாய் அவள் கையைத் தொட்டு, "மெதுவா பேசு" என்று சைகை காட்டினாள். பழக்கதோஷம். சின்ன வயதிலிருந்து கடைகளிலும் பஸ்களிலும் காட்டிய சைகை.

"எல்லாருக்கும் கேக்கட்டும். எனக்குத்தானே கேக்காது" என்றாள் சுஜி.

திருப்பி அனுப்பவே எழுதிக்கொடுத்தார்கள். சுஜியே எழுதினாள், சுஜியே கையெழுத்துப் போட்டாள். ஷார்ஜாவுக்கு இரண்டாம் முறை கூரியர் கூலி கட்டியது ரத்தினபாய். டிசம்பரில் வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுவேன் என்று ஆல்வின் சொன்னான். ஆஷாவிடம் கேட்டபோது அவள் வேறொன்று சொன்னாள்: "அந்தத் தண்ணியை வெச்சுத் துடைச்சீங்களா? மைக் ஓட்டை பக்கத்துலயே இருக்குமே. உள்ள போயிருந்தா வேலை செய்யாது. வந்தப்புறம்தான் பாக்கணும்." ரத்தினபாய் அதை சுஜியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இப்போது பழையபடி எளிதாக இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தில் எழுதி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சுஜி படித்துவிட்டு, காகிதத்தை மடித்துவைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

வீட்டில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. பாத்திரம் கழுவுவது, துணி உலர்த்துவது எல்லாம் முன்போலத்தான். ஆனால் சுஜி அக்காவின் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துவிட்டாள். முகத்தைப் பார்க்காதவரை அவளிடம் யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. ரத்தினபாய் எத்தனையோ தடவை பேச்சை ஆரம்பித்தாள். உனக்காகத்தானேடி, கையில இருந்த காசு அவ்வளவுதானேடி என்று அந்த முதுகிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், காசு மட்டும் காரணம் இல்லை. வரியைக் கட்டுவது அவளுக்கு ஏமாளித்தனமாகத் தோன்றியது. படித்தவர்களுக்குத் தெரியாத ஒரு வழி தனக்குத் தெரியும் என்று காட்ட ஆசைப்பட்டாள். மெப்ஸில் சட்டைகளை விரித்துப் பிசிர் தேடும்போது அந்தச் சுத்தமான கருவி கண்முன் வந்து நிற்கும். கை நின்றுவிடும். சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா ரத்னா, தூக்கமா?" என்பார்.

ஜூலை பிறந்ததும் ஸ்ரீரங்கன் சுஜியைக் கூப்பிட்டனுப்பினார். ரத்தினபாய் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். என்ன பேச வேண்டும் என்று ரயிலில் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள். சார், டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்குங்க. அவ மார்க் லிஸ்டைப் பாருங்க சார். தப்பு என்னோடது சார். ஸ்கூல் நாளிலிருந்து அவள்தான் இதையெல்லாம் பேசுவாள். ஹெட்மிஸ்ட்ரஸ்களையே வழிக்குக் கொண்டுவந்தவள்.

துறைக் கட்டடத்தின் வாசலில் சுஜி நின்று திரும்பினாள். "நீ இங்கயே இரு."

"நான் வந்து ரெண்டு வார்த்தை..."

"வேண்டாம்க்கா. என் பேர்ல நீ பேசினது போதும்."

சத்தமாகச் சொல்லவில்லை. கருவி இல்லாமலேயே குரலை அடக்கப் பழகியிருந்தாள் போலிருக்கிறது. எப்போது பழகினாள் என்று ரத்தினபாய்க்குத் தெரியவில்லை.

வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கோட்டு போட்ட பையன்களும் பெண்களும் இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தமும் கண்ணாடி உரசும் சத்தமும் கேட்டன. கேஸ் அடுப்பு வாசனை வந்தது. காவலாளி வந்து, "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டார். "தங்கச்சி உள்ள போயிருக்கா" என்றாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்பதைச் சேர்த்துக்கொள்ள வாய் வரவில்லை.

சுஜி வெளியே வந்தபோது கையில் ஒரு சாவிக்கொத்து இருந்தது.

"ஸ்டோர்ஸ்ல போட்டிருக்காங்க. பாட்டில் எடுத்துக் குடுக்கறது, ஸ்டாக் பாக்கறது. லேப்புக்கு வேற ஒரு பொண்ணு வர்றா."

"பர்மனென்ட் என்ன ஆச்சு?"

"அது லேப் போஸ்ட்டுக்குத்தான்."

"டிசம்பர்ல கருவி வந்துட்டா திரும்ப லேப்புக்கு எடுத்துப்பாங்களா? அதைக் கேட்டியா?"

சுஜி சாவிகளைப் பையின் உள்ஜிப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. கேள்வி அவளிடம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் விட்டுவிட்டாளா என்று ரத்தினபாயால் சொல்ல முடியவில்லை. மறுபடி கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஸ்டேஷனில் கூட்டம் இருந்தது. தாம்பரம் பக்கம் போகும் வண்டிக்காக இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. வண்டி இன்றைக்கு அடுத்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று அறிவித்தார்கள். கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்து படிக்கட்டை நோக்கிப் போனது. ரத்தினபாய் எழுந்து சுஜியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

சுஜி முழங்கையை விடுவித்துக்கொண்டாள். வெடுக்கென்று இல்லை, தோளில் மாட்டிய பையைச் சரிசெய்வது போல. பிறகு பக்கத்தில் ஓடிய ஒரு காலேஜ் பெண்ணை நிறுத்தி, தன் காதைத் தொட்டுக் காட்டி, "எனக்குக் கேக்காது. என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் நின்று, கையை நீட்டி, எதிர் பிளாட்பாரத்தைக் காட்டினாள். சுஜி அவள் உதட்டையே பார்த்துத் தலையாட்டி, நன்றி சொன்னாள்.

சுஜியும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டே படி ஏறினார்கள். ரத்தினபாய் பின்னால் நடந்தாள். கூட்டம் நடுவில் புகுந்து அவளைப் பிரித்தது. வண்டி வரும் சத்தம் கேட்டது. "சுஜி, வண்டி வந்துடுச்சு, சீக்கிரம்" என்று கத்த வாயெடுத்தாள். முன்னால் போகும் சுஜியின் தலையைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள்.